மரத்தில் ஓர் இடம்

1

பொறாமை எனக்கு முதலில் இடது தோளில்தான் தெரியவந்தது. வில்லைப் பிடிக்கும் கையின் தோள் அது. நாணை இழுக்கும்போது அந்தத் தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஏறினால் அம்பு இலக்குக்கு மேலால் போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்தேன், கொப்பியில் படம் கீறி எழுதிவைத்தேன், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். தனியே நின்று எய்தால் தோள் கீழேதான் இருக்கும். என் மாமாவின் மகன் யூட் பக்கத்தில் வந்து நின்றால் ஏறிவிடும்.

நானும் யூட்டும் இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், வில்லரேப் பகுதியில், என் அக்கா வீட்டு நிலவறையில் ஒரே அறையில் இருக்கிறோம். இந்த வருடம் அவன் வேலை முடிந்ததும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறான். வாரத்தில் நான்கு நாள். விமான நிலையத்தில் பத்து மணித்தியாலம் பெட்டி தூக்கியவன் எதற்காக இவ்வளவு அவசரமாக வினைச்சொற்களைப் பாடமாக்குகிறான் என்று அக்கா ஆச்சரியப்படுகிறாள். எனக்குக் காரணம் தெரியும். அது தொடங்கி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு நான் வில் எய்கிறேன் என்று இதுவரை எழுதியதில்லை. அங்கே இருப்பவனுக்கு எழுதும் கடிதத்தில் ஆயுதத்தின் பெயர் எதுவும் வரக் கூடாது என்பது பழகிப்போன எச்சரிக்கை. இப்போது எழுதுகிறேன், அது மரவில் என்பதால்.

2

நான் இங்கே வந்து ஆறு வருடம். பொறியியல் படிக்கிறேன். வாரக் கடைசியில் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். எதையும் கண்டால் உடனே பிடித்துவிடும் புத்தி எனக்கு. கித்தார், நீச்சல், புகைப்படம் எல்லாம் பிடித்தேன், விட்டேன். "உனக்கு எல்லாத்துக்கும் மூண்டு மாசம்தான் தவணை" என்பாள் அக்கா. வில் மட்டும் மூன்று மாதத்தைத் தாண்டியது.

எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வில்லாளர் கழகம் கூடும். கப்பியும் குறிகாட்டியும் பூட்டிய நவீன வில் அங்கே கிடையாது. மரமும் நாணும் மட்டும்தான். முதல் நாள் நான் நீளப் பையோடு படியிறங்குவதை, மேலே செபமாலை முடித்து வந்த றீற்றா அன்ரி கண்டுவிட்டார்.

"உதென்ன தம்பி, தூண்டிலோ?"

"இல்லை அன்ரி, வில்லு."

அவர் சுவரோரம் நின்ற செபஸ்தியார் சுரூபத்தைப் பார்த்தார். மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கும் புனிதர். "அந்த மனுசனுக்கு எய்தது காணாதெண்டே நீங்களும் வெளிக்கிட்டியள்?"

அதற்குப் பிறகு ஊர்க்காரர் எல்லாருக்கும் நான் 'செபஸ்தியாருக்கு எய்தவன்'தான்.

இந்த வில்லில் என்னை இழுத்தது என்ன என்று கேட்டால், அளவு பார்க்க முடியாது என்பதுதான். ஓடிக்கொண்டே பந்தை விக்கெற்றுக்கு எறிகிறவன் கையில் அளவுநாடாவா வைத்திருக்கிறான்? அதே மாதிரி. கண் இலக்கைப் பார்க்கும். கை தன்பாட்டில் அங்கே போகும். ஆனால் கை அப்படிப் போவதற்கு மற்ற எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாணை இழுத்த கையின் நடுவிரல் வாயின் ஓரத்தில் அதே இடத்தில் வந்து முட்ட வேண்டும். கையால் இழுக்கக் கூடாது, முதுகால் இழுக்க வேண்டும். விரல்களைத் திறக்கக் கூடாது. அவை தாமாகத் தளர வேண்டும். அம்பு போய்த் தைக்கும்வரை வில் பிடித்த கை விழக் கூடாது. மானுக்கு எய்வதென்றால் மானைப் பார்க்கக் கூடாது, மானின் விலாவில் ஒரு மயிரைப் பார்க்க வேண்டும். முழு மானையும் பார்த்தவனின் அம்பு மானைச் சுற்றியுள்ள காட்டுக்குத்தான் போகும்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அம்பின் தடி வில்லின் பலத்துக்கு ஏற்ற அளவுக்கு வளைய வேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டு மூன்று பக்கம் எழுதிவைத்திருந்தேன். ஒரு மாலையில் எண்பது அம்பு எய்வேன். தைத்த இடங்களைக் குறித்துவைப்பேன். மாதத்துக்கு மாதம் குறிகள் நடுவை நோக்கி நெருங்கின. கழகத்தில் வெள்ளைக்காரர்கள் என் கொப்பியை வாங்கிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் என் தோள் கீழேதான் இருந்தது.

3

யூட் வந்தது பனிக்காலத்தின் நடுவில். மன்னாரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து எங்கெங்கோ, கடைசியில் எங்கள் நிலவறை. கையில் இருந்தது ஒரு கடுதாசி. அதில் அவன் 'அகதிக் கோரிக்கையாளர்'. பிரெஞ்சு ஒரு சொல் இல்லை, ஆங்கிலம் அரைகுறை. சட்டத்தரணியிடமும் வேலை அனுமதிக் கந்தோரிலும் மருத்துவரிடமும் அவனுக்கு வாயாக இருந்தவன் நான்தான். அவன் சொல்வான், நான் சொல்வேன். அவர்கள் சொல்வார்கள், நான் சொல்வேன். அவனுடைய கதையில் எந்த இடத்தில் குரல் அடைக்கும் என்றுகூட எனக்குப் பழகிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஊரிலும் நான் வகுப்பில் முதலாவது, அவன் எங்கோ இருபதாவது. "நிக்சனைப் பார், நீயும் இருக்கிறாய்" என்று மாமா என் பெயரைச் சொல்லித்தான் அவனுக்கு அடிப்பார். அவன் அடியை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, "உன்னாலதான்டா" என்று சிரிப்பான். கிரிக்கெட்டில் மட்டும் அவன் எறியும் பந்து விக்கெற்றைத் தேடிப் போய்ப் படும். அதை நான் ஒரு திறமையாக மதித்ததில்லை.

அவனை வில் கழகத்துக்கு அழைத்துப் போனதும் நான்தான், என் கொப்பியை அவனுக்கும் காட்டலாம் என்று. மெத்ரோ ரயிலில் வில்லுப் பையை மடியில் வைத்திருந்தபோது இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். யூட் பையிலிருந்து கையை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் தொடைமேல் விரித்து வைத்தான், பார்வைக்குத் தெரியும்படி. அவர்கள் எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

"கேக்கமாட்டினமோ?"

"கேட்டா வில்லெண்டு சொல்லுவம்."

"வில்லெண்டு சொன்னா விட்டிடுவினமோ!" அவனுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. அடுத்த இரண்டு தரிப்பு வரைக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அன்று அவன் எய்த முதல் அம்பு சுவரில், இரண்டாவது வைக்கோல் கட்டின் ஓரத்தில். மூன்றாவதை எய்ய முன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "மச்சான், அந்தச் சிவப்புப் பொட்டுக்கையோ அடிக்கவேணும்?"

"பொட்டுக்கு அடிக்க ஒரு வருசம் செல்லும். முதல் உன்ர தோளைப் பதி, பேந்து…"

டப். பொட்டில்.

கழகத்தார் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டின கைதான் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதியது: 'தற்செயல்.' அடுத்த செவ்வாயும் தற்செயல். அதற்கடுத்த செவ்வாயிலிருந்து நான் அந்தப் பக்கத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அவனுக்கு மாலைகளில் நேரமில்லை. டோர்வலில் விடியப்புறம் ஆறு மணிக்கு வேலை. நிலவறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டை வைத்து, சப்பாத்துப் போட முன் ஐந்து காலடித் தூரத்தில் நின்று எய்வான். ஒரே ஒரு அம்பு. அந்தச் சத்தத்தில்தான் நான் விழிப்பேன்.

"ஒரு அம்பு பழக்கமோடா?" என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டேன்.

"பஸ் போயிடும். ஒண்டெண்டாலும் ஒழுங்கா எய்வம்."

சோம்பேறி என்று நினைத்தேன். எண்பது எய்கிற நான் ஒன்று எய்கிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

4

சொலான்ஞ் கழகத்தில் ஒருவர். நாற்பது வயது தாண்டியவர், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர். வடக்கே மலைப்பக்கத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு காடு உண்டு. அங்கே ஒக்டோபர் தொடக்கத்தில் நான்கு பேர் மான் வேட்டைக்குப் போவார்கள். நான்கு பேருக்கு நான்கு மரம். ஒவ்வொரு மரத்திலும் ஏணி வைத்து ஓர் இருக்கை. போன வருடம் ஒருவர் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் ஓர் இடம் காலியானது. கழகத்தில் அவர் அதைச் சொன்ன அன்று எனக்கு நித்திரையில்லை. யூட்டுக்கும் இல்லை என்பது மறுபக்கக் கட்டில் கிரீச்சிட்டதில் தெரிந்தது.

வேட்டைக்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். இரண்டு நாள் வகுப்பு, பரீட்சை, எல்லாம் பிரெஞ்சில். யூட்டுக்கு அக்காவின் மகள் மெலனி ஆசிரியையானாள். ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அவளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துப் போக முடியாமல் அக்கா அழுதிருக்கிறாள். ஆனால் யூட்டுக்காக அவள் கேள்விப் புத்தகத்தோடு குந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு தமிழையும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள்.

"யூட் மாமா, இது மானுக்கு அம்மா. இது சுட வேண்டாம், ஓக்கே?"

"சுடுறேல்லை, எய்யிறது" என்பான் அவன்.

"சே பாரெய்!" என்பாள். எல்லாம் ஒன்றுதானாம்.

கேள்வியையும் விடையையும் எழுத்தின் உருவம் பார்த்தே பாடமாக்கி யூட் சித்தியடைந்தான். அட்டை தபாலில் வந்தது. அவன் அதைச் சமையலறை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தான். முதலில் பெயர். அதன் கீழே பிரெஞ்சில் 'வேட்டைக்காரர்'.

"இதில கோரிக்கையாளர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை" என்றான் அக்காவிடம். "அக்கா, நான் இந்த நாட்டில வேட்டைக்காரன்."

"வேட்டைக்காரர், முதல் அந்தக் குப்பையை வெளியில வையுங்கோ" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அதே அட்டை வந்திருந்தது. நான் அதை யாருக்கும் காட்டவில்லை. காட்டினாலும் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வேட்டை அனுமதிச் சீட்டைத் தெப்பனர் என்கிற தெருமுனைச் சின்னக் கடையிலேயே விற்கிறார்கள், பாலுக்கும் லொத்தருக்கும் நடுவில். இடம் யாருக்கு என்று தெரிய முன்பே அவன் அதை வாங்கி பர்சுக்குள் வைத்துக்கொண்டான்.

5

செப்டெம்பர் கடைசி ஞாயிறு. சொலான்ஞ் எங்கள் இருவரையும் காட்டுக்கு வரச்சொன்னார். அவருடைய முறை இதுதான்: வந்து இறங்கியதும் ஓர் அம்பு. பிறகு ஒரு மணித்தியாலம் விறகு அடுக்க வேண்டும். பிறகு ஓர் அம்பு. மறுபடியும் விறகு. பிறகு கடைசி அம்பு. பதினெட்டுக் காலடித் தூரத்தில் வைக்கோலில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. கை சூடாக்க முன்கூட்டி எய்துபார்க்க விடமாட்டார்.

ஏன் என்று கேட்டேன். மான் உனக்குப் பயிற்சி எடுக்க நேரம் தருமா என்று கேட்டார். குளிரில் நான்கு மணித்தியாலம் விறைத்துப்போய் இருந்துவிட்டு எய்யும் முதல் அம்பு மட்டும்தான் வேட்டை. அந்த அம்பு பிழைத்தால் மானுக்கு வயிற்றில் காயம். அது இரண்டு நாள் கிடந்து சாகும். அதனால் அவர் முதல் அம்பைத்தான் பார்ப்பார்.

என் கொப்பியில் எல்லாம் இருந்தது, முதல் அம்பு எங்கே போகிறது என்பதைத் தவிர. எண்பதில் முதல் பத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவை கை சூடாவதற்கு என்று விட்டுவிடுவேன். மாதக்கணக்காக ஒவ்வொரு விடியப்புறமும் முதல் அம்பை மட்டும் எய்துவந்தவன் எனக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

என் முதல் அம்பு தட்டுக்கு மேலால் போய்க் காட்டுக்குள் மறைந்தது. தோள்தான். அவனுடையது தட்டில்.

விறகு அடுக்கினோம். "தேடி எடுப்பம் மச்சான், நல்ல அம்பு" என்றான் என்னிடம். எனக்கு அவனை அந்த விறகுக்குள்ளே வைத்து அடுக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது: எனக்கு விளிம்பு, அவனுக்குத் தட்டு. மூன்றாவது எனக்கு நட்ட நடு, அவனுடையதைவிடத் திறமாக. அதை யாரும் பாராட்டவில்லை.

சொலான்ஞ் சூப் ஊற்றித் தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து வேகமாகச் சொன்னார்: இடம் உன் மச்சானுக்கு. சனிக்கிழமை விடியப்புறம் ஐந்து மணிக்கு இங்கே நிற்க வேண்டும். வியாழன் மாலைக்குள் அனுமதிச் சீட்டு இலக்கத்தைப் போனில் சொல்லச் சொல். இல்லாவிட்டால் என் மைத்துனர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவேன். நீ அடுத்த வருடம் வா. உன் கை நல்லது, ஆனால் சூடாகத்தான் நல்லது.

யூட் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தரணியின் கந்தோரில் பார்ப்பதுபோல, ஒரு சொல் சிந்தாமல் பிடிப்பதற்குக் காத்திருக்கிற பார்வை.

"என்னவாம்?"

"ரெண்டு பேரும் நல்லா எய்யிறமாம்" என்றேன். "இந்த வருசம் இடமில்லையாம். வாற வருசம் பாப்பமாம்."

யோசித்துச் சொன்னதில்லை. நாணை விட்ட விரல் மாதிரி வாய் தன்பாட்டில் தளர்ந்தது. எனக்கு அந்த இடம் வராது என்று தெரியும். அவனுக்கும் வரக் கூடாது என்பது மட்டும்தான்.

அவன் அந்த நான்காவது மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொலான்ஞ் பக்கம் திரும்பி, தனக்குப் பேசத் தெரிந்த ஒரே பிரெஞ்சில், முகம் நிறையச் சிரிப்போடு சொன்னான்: "மெர்சி, மெர்சி பொக்கூ." அவர் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார்.

6

திங்கள், செவ்வாய், புதன். நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும்தான். விடியப்புறம் டப் என்று சத்தம் கேட்கும். இடம் இல்லையென்று தெரிந்த பிறகும் எய்கிறான் என்பது என்னை இன்னும் எரித்தது. நானாக இருந்தால் வில்லைக் கழற்றிப் பைக்குள் போட்டிருப்பேன். வியாழன் மாலை ஆறு மணிக்கு நான் நூலகத்தில் இருந்தேன். ஆறரைக்கு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை யூட் வேலையால் வரும்போது ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்தான். முன்பக்கத்தில் ஒரு மான். சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்துப் பேனையைத் திறந்தான்.

"மச்சான், பிரெஞ்சில ஒருக்கா எழுதிக் காட்டு. நான் பாத்து என்ர கையால எழுதுறன். அந்த மனுசிக்கு அனுப்பவேணும்."

"என்னெண்டு?"

"சூப்புக்கு நன்றி. இடம் இல்லாட்டியும் கூப்பிட்டுப் பாத்ததுக்கு நன்றி. வாற வருசம் விறகடுக்க வாறன், இடம் தராட்டியும் வாறன் எண்டு." சிரித்தான். "கடைசியைப் பகிடியா எழுது."

ஒரு கடுதாசியில் முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரிக்கு வந்தபோது என்னால் முடியவில்லை. என் பொய்யை அவன் தன் கையால், எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதப்போகிறான்.

"யூட், இடம் இருந்தது" என்றேன். "உனக்குத்தான் தந்தவ. நான் சொல்லேல்லை. நேற்றோட தவணை முடிஞ்சுது."

அவன் பேனையை மூடினான். மூடியைச் சரியாகப் பொருத்த அவனுக்கு நேரம் எடுத்தது.

"ஏன்?"

"பொறாமை."

"என்னிலயோ?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "என்னிலயோடா? என்னட்ட என்ன கிடக்கு?"

அவன் முகம் மெல்ல மாறியது. வேறு ஏதோ ஒன்று அவனுக்கு இப்போதுதான் தட்டுப்பட்டிருந்தது.

"லோயரிட்ட நான் சொன்னதெல்லாம்… நீ அப்பிடியே சொன்னனியோ?"

"ஐயோ யூட், சத்தியமா. அது ஒரு சொல்லும் மாத்தேல்லை."

"எனக்கு என்னெண்டு தெரியும்?"

நான் எழுதிய கடுதாசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"போனை எடு" என்றான். "அந்த மனுசிக்கு அடி. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அடித்தேன். சொலான்ஞ் எடுத்தார். யூட் என் முகத்துக்கு நேரே நின்று ஒவ்வொரு வசனமாகச் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். "நான் யூட். எனக்கு இடம் கிடைச்சது இண்டைக்குத்தான் தெரியும். என்ர மச்சான் எனக்கு மறைச்சவன். அவனுக்குப் பொறாமை. நாளைக்கு வரலாமோ?" அவனுடைய 'நான்' என் வாயிலிருந்து வந்தது. என்னை நானே 'என் மச்சான்' என்று சொன்னேன். இங்கே வந்ததிலிருந்து நான் பேசிய பிரெஞ்சிலேயே சுத்தமான பிரெஞ்சு அதுதான்.

பிறகு சொலான்ஞ் பேசினார். நேற்று ஏழு மணிவரை பார்த்துவிட்டு மைத்துனருக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் ஏற்கெனவே காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார், இனித் திருப்பி எடுக்க முடியாது. அடுத்த வருடம் முதல் இடம் யூட்டுக்குத்தான்.

"என்னவாம்?" என்றான் யூட்.

சொல்வதற்கு இருந்தது அதே பழைய வசனம்தான். வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை.

"இந்த வருசம் இடமில்லையாம்" என்றேன். "வாற வருசம் உனக்குத்தானாம்."

"இது அவ சொன்னதோ, நீ சொன்னதோ?"

என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினான். காதில் வைத்து, விளங்காத அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டான். "வெய்ற்… மெர்சி, வெய்ற்" என்று அதற்குச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

"மெலனி! ஒருக்கா இறங்கி வாம்மா. மாமாவுக்கு ஒண்டு கேட்டுச் சொல்லவேணும்."

அவள் ஓடிவந்தாள். போனைக் காதில் வைத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, நான் சொன்ன அதையே, இலக்கணம் முழுக்கப் பிழையாகச் சொன்னாள்.

"ஓம்" என்றான் யூட். அவள் தலையைத் தடவினான். உடனே நம்பிவிட்டான்.

அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, ஒன்பது வயதுப் பிள்ளையின்மேல்.